ஒன்பதாம் நம்பர் செருப்பு

"எத்தனை பேர் மேடம்?" என்று கேட்ட கடற்கரை விடுதியின் ரிசப்ஷன் பெண், பதில் வருவதற்குள் கவுண்டரின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெதுவாவே சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"ஒருத்திதான்."

"வேற யாராவது பின்னால வர்றாங்களா?"

"வர்றதா இருந்தது. தங்கச்சி. அவ மாமனாருக்குத் திடீர்னு கண் ஆபரேஷன், வர முடியல."

ரிசப்ஷன் பெண் தலையை ஆட்டிவிட்டு, பதிவேட்டில் 'இரண்டு பேர்' என்று எழுதினாள். எழுத்தைத் தலைகீழாகவே படித்துவிட்ட எக்ஸ்ரேக்கா, தவறாக எழுதிவிட்டாள் போலிருக்கிறது என்று விரலை நீட்டினாள்.

வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், இப்ப விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பால் பொங்கி வரும்போதுகூட வாய் தன்னால் அதைச் சொல்லும். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஐந்து நாள் லீவு எடுத்திருந்தாள். தங்கை வரவில்லை என்பதற்காக லீவைத் திருப்பிக் கொடுக்கப் போனால், 'ஏன்க்கா, போக ஆளில்லையா?' என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் பஸ் ஏறினாள்.

"தப்பில்ல மேடம், வேணும்னுதான் எழுதினேன்" என்றாள் ரிசப்ஷன் பெண். "தனியா வர்ற லேடீஸ் எல்லாருக்கும் இங்க ரெண்டு பேர்னுதான் எழுதறது. முன்ன ஒரு தடவை ஒரு பிரச்சனை ஆச்சு. அதுலேர்ந்து மேனேஜர் வச்ச ஏற்பாடு. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மத்த ஸ்டாஃபுக்குக்கூடச் சொல்றதில்ல, யார் எப்படின்னு நமக்கென்ன தெரியும்?"

பிறகு கீழே குனிந்து ஒரு அலமாரியைத் திறந்தாள். உள்ளே மூன்று ஜோடி ஆண் செருப்புகள் இருந்தன. மூன்றும் பழையவை, ஒன்றின் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது.

"ரூம் வாசல்ல இதை விட்டுடுங்க. பாக்கறவங்களுக்கு உள்ள ஆம்பிளை இருக்காருன்னு தோணும். சார் கால் என்ன சைஸ்?"

"எந்த சார்?"

"உங்க சார்தான்."

"எனக்கெப்படித் தெரியும்?"

"சரி, ஒன்பது வச்சுக்கலாம். கொஞ்சம் உயரமாவே இருக்கட்டும்." அவள் சிரிக்காமல் சொன்னாள். செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அறை எண்ணை வாயால் சொல்லாமல் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, கவிழ்த்து நகர்த்தினாள். பதினான்கு.

பதினான்கு அந்த வரிசையின் கடைசி அறை. தரைத்தளம். ஒருபக்கம் நீளமான நடை, மறுபக்கம் கடலைப் பார்த்த சிறிய முற்றமும் கண்ணாடிக் கதவும். குளியலறையின் பக்கத்தில் கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. எக்ஸ்ரேக்கா செருப்பை வாசலில் விட்டு, பையை உள்ளே வைத்ததும் முதல் வேலையாகத் தங்கை எழுதி அனுப்பியிருந்த பன்னிரண்டு விதிகளை எடுத்து, ஒவ்வொன்றாகச் செய்து முடித்து டிக் போட்டாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். வாசல் கதவைத் தாழிட்டு, கைப்பிடிக்குக் கீழே நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். கண்ணாடிக் கதவின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். முதல் விதி, தனியாக வந்திருப்பதை எவரிடமும் சொல்லாதே. ஒன்பதாவது, குளிக்கும்போது குளியலறையையும் உள்ளே தாழிடு. அதைப் படித்தபோது அவளுக்குக் கொஞ்சம் விநோதமாக இருந்தது. தனியாகக் குடியிருப்பவள் எந்தக் காலத்தில் குளியலறையைத் தாழிட்டிருக்கிறாள்?

ராத்திரி எட்டு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். செருப்புக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கடைசில உனக்கும் ஒரு மாப்பிள்ளை அமைஞ்சுட்டாரு. செருப்பு மட்டும் முன்னாடி வந்திருக்கு. ஆளு பின்னால வருவாரா இருக்கும்."

"சும்மா இருடி."

"அத்தான் எப்படி, பேசுவாரா?"

"ரொம்ப அமைதி."

"அப்ப நல்ல இடம்தான். விட்டுடாதே."

போனை வைத்த பிறகும் எக்ஸ்ரேக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிப்பதற்கு எதுவும் இல்லை என்று ஆனபோது விளக்கை அணைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில், தலையிலிருந்து பனையோலைத் தொப்பியைச் சாப்பிடும்போதும் கழற்றாத ஒருவர், மனைவியோடு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் பன்னிரண்டாம் அறை.

"சார் வரலீங்களா?" என்றார் தொப்பிக்காரர்.

"தலைவலி. படுத்திருக்கார்."

"கடல் காத்து சிலருக்கு ஒத்துக்காது. என்ன உத்தியோகம்?"

"கணக்கு" என்று அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "கம்பெனில."

"அதான் தலைவலி" என்றாள் தொப்பிக்காரரின் மனைவி. பரிமாறுகிறவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்து, அவள் எழுந்திருக்கும்போது மூடி போட்ட ஒரு கோப்பை டீயையும் நாலு துண்டு ரொட்டியையும் தட்டில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார். "சாருக்கு" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அறைக்கு வந்து மேஜைமேல் தட்டை வைத்தாள். ஜன்னல் திரையை விலக்கியபடி, "டீ ஆறிடும்" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த அறை எவ்வளவு காலி என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டாவது டீயையும் அவளே குடித்தாள்.

ஆனால் அதற்கப்புறம் அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடலிலிருந்து வந்ததும் செருப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி மாற்றி வைத்தாள். குளித்துவிட்டு இரண்டாவது துண்டையும் நனைத்துக் கொடியில் போட்டாள். சாயங்காலம் அறை சுத்தம் செய்யும் பெண்மணி தள்ளுவண்டியோடு நடையில் எதிர்ப்பட்டு, ஈரத் துண்டு இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு, புதுத் துண்டுகளை வெளியிலேயே கொடுத்தாள்.

"உள்ள வந்து பெருக்கிடலாமே" என்றாள் எக்ஸ்ரேக்கா.

"சார் செருப்பு கிடக்குதேம்மா. செருப்பு வெளில இருந்தா நாங்க தட்ட மாட்டோம், உள்ள வர மாட்டோம். அது எங்க பழக்கம்." துண்டை வாங்கிக்கொண்டபோது அந்தப் பெண்மணி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சிடுசிடுப்போ?" என்றாள்.

"சே, இல்ல. தங்கமான மனுஷன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரேக்கா குளிக்கப் போனாள். உடைகள் கட்டில்மேல், போன் தலையணைமேல். ஒன்பதாவது விதிப்படி தாழ்ப்பாளைப் போட்டாள். குளித்து முடித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தபோது அது வரவில்லை. கடல் காற்றில் துருவேறிய தாழ்ப்பாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது. கம்பி நிலைச்சட்டத்துக்குள் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது.

முதலில் அவள் கையிலிருந்த குமிழைத்தான் பார்த்தாள், எலும்பு முறிந்த படத்தைப் பார்ப்பது போல. பிறகு பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் கம்பியை நெம்பினாள், பிரஷ் உடைந்தது. சீப்பால் நெம்பினாள், சீப்பின் பல் நாலு போனது. சோப்பைக் குழைத்துத் தடவினாள். தோளால் இடித்தாள். கதவு நல்ல கெட்டி மரம். பரவாயில்லை, பெருக்க வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பத்து மணி வாக்கில் நடையில் வண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து இரண்டு கையாலும் கதவை அடித்தாள்.

"திறங்க! கதவைத் திறங்க!"

சக்கரம் நின்றது. அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. "உள்ள மாட்டிக்கிட்டேன், திறங்க" என்று மறுபடி கத்தினாள். நடையில் எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தச் சத்தமின்மை அங்கேயே நின்றது. பிறகு சக்கரம் உருள ஆரம்பித்தது. மெதுவாக அல்ல, அவசரமாக.

ஏன் போனாள் என்று எக்ஸ்ரேக்காவுக்குப் புரியவில்லை. காது கேட்கவில்லையோ? கேட்டதால்தானே நின்றாள்?

விடை பதினொரு மணிக்குத்தான் கிடைத்தது. மேலே, அவள் தலைக்கு எட்டாத உயரத்தில், கண்ணாடிப் பட்டைகள் வைத்த சின்ன ஜன்னல் இருந்தது. அதன் கீழே பாதையில் பேச்சுக் குரல் கேட்டதும் அவள் மறுபடி கதவை அடித்தாள். பழக்க தோஷத்தில் கதவைத்தான் அடித்தாள், சுவரை அல்ல.

"கேட்டியா?" என்றது தொப்பிக்காரரின் குரல்.

"காலையிலேர்ந்து கேக்குது" என்றது அவர் மனைவியின் குரல். "அடிக்கறானா, இல்ல பாத்ரூம்ல போட்டுப் பூட்டிட்டானா, தெரியல. திறங்க திறங்கன்னு கெஞ்சுது பாவம்."

"தலைவலின்னு படுத்திருந்தவன்."

"அமைதியான மனுஷன்னு நினைச்சேன். ஒரு சத்தம் வெளில வராதே."

"அப்படிப்பட்டவங்கதான். புருஷன் பொண்டாட்டி விவகாரம், நாம போய் மூக்கை நுழைச்சா நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க, நாம கெட்டவங்களாயிடுவோம். நீ பேசாம வா."

எக்ஸ்ரேக்கா வாளிமேல் ஏறினாள். "இங்க கேளுங்க, ஐயா, இங்க" என்றாள்.

"பார், இப்ப நம்மளையும் இழுக்கறாங்க. நட, நட."

காலடிகள் போய்விட்டன. அவள் வாளியிலிருந்து இறங்கவில்லை. இறங்கத் தோன்றவில்லை. அந்தச் செருப்பு வாசலில் கிடக்கிறவரைக்கும் இந்தக் கதவை அவள் எவ்வளவு அடித்தாலும், தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்றே கத்தினாலும் அது அவளும் அவரும் சம்பந்தப்பட்ட விஷயம். அவர் உள்ளே இருக்கிறார். அவர் இருப்பதால்தான் யாரும் வரமாட்டார்கள். விஷயம் தெரிந்த இரண்டு பேரில் மேனேஜர் வெளியூர். ரிசப்ஷன் பெண், சனிக்கிழமை தனக்கு லீவு என்று நேற்றே சொல்லியிருந்தாள்.

என்ன சொல்லிக் கத்த வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. மூன்று வார்த்தைதான். நான் தனியா இருக்கேன். ஆனால் வாய் வரவில்லை.

கடற்கரையில் யாரோ பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆண் குரல்கள். ஏழெட்டு பேர் இருக்கும். பந்து கையில் மோதும் சத்தம், சிரிப்பு, ஒருவன் இன்னொருவனை 'டேய் சோம்பேறி' என்று கூப்பிடுவது, எல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டது. இந்த ஜன்னலில் வாயை வைத்து, ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று கூவ வேண்டும். தங்கையின் காகிதத்தில் முதல் வரி அதைத்தானே செய்யாதே என்கிறது? அது போகட்டும், காகிதம் இல்லாவிட்டாலும் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் யாராவது, 'வீட்ல யார்க்கா இருக்காங்க?' என்று கேட்டால், 'எல்லாரும் இருக்காங்க' என்பாள்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. தலையணைமேல் கிடந்தபடி அடித்து நின்று, மறுபடி அடித்து நின்றது. தங்கைதான். அக்கா கடலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். இனி ராத்திரி எட்டு மணிக்குத்தான் பயப்பட ஆரம்பிப்பாள்.

குழாய்த் தண்ணீரைக் குடித்தாள். ஈரத் தரையில் கால்விரல்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. பசி வந்தது, போனது. பந்து விளையாடியவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவ்வளவு அமைதியில், கத்துவதற்குக்கூட ஒரு ஆள் எதிரில் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டரை மணி இருக்கும். பாதையில் வாளிக் கைப்பிடி கிணுகிணுப்பது கேட்டது. எக்ஸ்ரேக்கா கவிழ்த்த வாளிமேல் ஏறி, நுனிக்காலில் நின்று, கண்ணாடிப் பட்டைகளின் இடைவெளியில் பார்த்தாள். அறை சுத்தம் செய்யும் பெண்மணி, தலையைக் குனிந்துகொண்டு, இந்தப் பக்கம் பார்த்துவிடக் கூடாது என்பதைப் போல வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

மூச்சை இழுத்துப் பிடி, என்று எக்ஸ்ரேக்கா தனக்கே சொல்லிக்கொண்டாள். அசையாதே. இப்ப விடு.

"நான் தனியா இருக்கேன்!" என்று கத்தினாள். "உள்ள யாருமில்ல. எனக்குப் புருஷனே இல்ல. நான் ஒருத்திதான் இருக்கேன்!"

அந்தப் பெண்மணி நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு அடியில் வந்து, ரகசியமாகக் கேட்டாள்: "அப்படிச் சொல்லச் சொல்றாராம்மா? பக்கத்துலயே நிக்கறாரா?"

"யாரும் நிக்கல. அந்தச் செருப்பு ஆபீஸ்ல கொடுத்தது. சும்மா வாசல்ல போடறதுக்கு. தாழ்ப்பாள் உடைஞ்சு நான் காலையிலேர்ந்து உள்ள கிடக்கேன்."

"நேத்து சாருக்கு டீ கொண்டு போனீங்களே."

"நான்தான் குடிச்சேன்."

"ரெண்டு துண்டும் ஈரமா இருந்துச்சே."

"நான்தான் நனைச்சேன்."

"எதுக்கும்மா?" என்றாள் அந்தப் பெண்மணி. "முதல்ல கதவைத் திறங்க" என்றாள் எக்ஸ்ரேக்கா.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வாசல் கதவுக்கு நாற்காலி முட்டு இருப்பதால் சாவி உதவாது என்று எக்ஸ்ரேக்கா ஜன்னலிலிருந்தே சொன்னாள். பராமரிப்புக்காரர் வந்து, முற்றத்துப் பக்கம் போய், கண்ணாடிக் கதவில் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்தார். சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். "தனியாவா வந்திருக்காங்க?" என்று தொப்பிக்காரர் யாரிடமோ கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. "தனியாத்தானாம்" என்று இன்னொருவர். அந்த வார்த்தை வாய் மாறி வாய் மாறி முற்றத்திலிருந்து கடற்கரைவரை போவதை அவள் குளியலறைக்குள் நின்று கேட்டாள்.

"ஆம்பிளைங்க யாரும் உள்ள வர வேணாம். குளிக்கப் போனவங்க" என்றது அந்தப் பெண்மணியின் குரல். "உளியை என்கிட்ட கொடுங்க. நீங்க வெளில நின்னு எப்படி நெம்பணும்னு மட்டும் சொல்லுங்க."

கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உளி முனை நுழைந்தது. பராமரிப்புக்காரர் வெளியிலிருந்து, "கீழ, கொஞ்சம் கீழ, இப்ப அமுக்குங்க" என்றார். மூன்றாவது அமுக்கில் நிலைச்சட்டத்தில் ஒரு சிராய் பிளந்து, கதவு திறந்தது.

அந்தப் பெண்மணி முதலில் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி அறையைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவின் திரையை இழுத்து மூடும் சாக்கில் அதன் பின்னாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகுதான் கட்டில்மேல் இருந்த உடைகளை எடுத்துக் கொடுத்து, முதுகைக் காட்டி நின்றாள்.

எக்ஸ்ரேக்கா உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன. வெளியே பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

"காலையிலயே கேட்டேம்மா" என்றாள் அந்தப் பெண்மணி, திரையைப் பார்த்தபடி. "பத்து மணிக்கு. வாசல்லயேதான் நின்னேன்."

"தெரியும். சக்கரம் நின்னுச்சு."

"நாலு ரூம் தள்ளிப் போய், துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சேன். மத்தியானம் சோறு இறங்கல. ஆனாலும் வரல. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லாட்டி இப்பவும் நடந்து போயிருப்பேன்."

மன்னிப்பாக அவள் அதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். எக்ஸ்ரேக்கா உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அடித்து அடித்து இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"எங்க மேல் வீட்ல ஒரு பொண்ணு இருந்தா" என்றாள் எக்ஸ்ரேக்கா. "போன வருஷம். ஞாயித்துக்கிழமை மத்தியானம். இதே மாதிரிதான், கதவைத் தட்டற சத்தம். திறங்க திறங்கன்னு. ரொம்ப நேரம்."

அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்தாள்.

"நான் மிக்ஸியைப் போட்டேன். அரைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா ஓட விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தம் நின்னுடுச்சு."

"மிக்ஸியா?"

"மேல. மேல நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் மிக்ஸியை அணைச்சேன்."

"அந்தப் பொண்ணு?"

"மாடிப்படில பாத்தா சிரிப்பா. நானும் சிரிப்பேன். ரெண்டு மாசம் கழிச்சு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு தெரியாது. நான் கேக்கல."

தலையணைமேல் போன் மறுபடி அடித்தது. தங்கை. எக்ஸ்ரேக்கா அதைக் கையில் எடுத்து, பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்மணி கொடியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து, கேட்காமலேயே, அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். தலைமுடி எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. இருவருக்கும் அது தெரிந்திருந்தது. போன் அடித்து ஓய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள்.